நமக்குச் சுற்றுலா... அவருக்கு?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பினாங்குப் பாலத்தில் கார்கள் வரிசை பிடித்து நிற்கும். அதில் ஒரே ஒரு காரைப் பாருங்கள். முன்னால் அப்பா, அம்மா. பின்னால் பாட்டி, ஒரு பையன். ஓரத்தில், மடியில் கைக்குழந்தையும் காலடியில் பால்புட்டிப் பையுமாக ஒரு பெண். தமிழ்நாட்டிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர். பத்து பெரிங்கி கடற்கரையில் இறங்கியதும் குடும்பம் தண்ணீருக்கு ஓடும். அவர் செருப்புகளுக்குக் காவல் இருப்பார். ராத்திரி ஹோட்டலில் குழந்தை அழுதால் எழுந்திருப்பது யார்? அவர்தான். ஊர் திரும்பி ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்திலும் அவர் இருக்கமாட்டார். ஏன்? படம் எடுத்ததே அவர்தானே!

அடுத்த மாதம் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். "அக்கா, ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வரட்டுமா?"

"இப்பத்தானே எங்களோட பினாங்குக்கு வந்து நாலு நாள் ஜாலியா இருந்தே! அதுக்குள்ள இன்னொரு லீவா?"

அந்த அக்கா கெட்டவர் இல்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், புது சுடிதார் எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணுக்கு அது விடுமுறையாகவே தெரிகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த கதை அல்ல. இதோ தெரிகிறதே கொடிமலை, இதன் உச்சியில்தான் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்கி ஓய்வெடுத்தார்கள். 1924 ஜனவரி 1-இல் மலை ரயில் திறக்கும் வரை, கூலிகள் தோளில் சுமந்த நாற்காலிகளில் ஏறிப் போனவர்கள் உண்டு. ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய தோளில்!

அதே வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் அழைத்துப் போனார்கள். கரை இறங்கியதும் சிலரை அப்படியே கைவிட்டார்கள். திரும்பி வரக் காசில்லாமல் தவித்த அந்தப் பெண்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்றே ஒன்று நடந்தது. 1900-இல் அது ஹேக்னி பகுதிக்கு மாறியது. அந்த வீட்டுச் சுவரில் 2022-இல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 'ஓ பேர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு இளம்பெண் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைக் கவனித்து, மொழியும் கற்றுக்கொள்வார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் 'சமமாக' என்று பொருள். 1969-இல் எழுதப்பட்ட ஐரோப்பிய ஒப்பந்தம், வேலை பொதுவாக நாளுக்கு 5 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரம் ஒரு முழு நாள் விடுப்பு வேண்டும் என்கிறது. வீட்டுப் பெண்போல என்று வாயால் சொன்னால் போதாது என்று அன்றே எழுதி வைத்துவிட்டார்கள்.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்காக 189-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. ஓய்வு நேரத்திலும் விடுப்பிலும் அவர் அந்த வீட்டிலோ வீட்டாருடனோ இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது அது. அதோடு வந்த 201-ஆவது பரிந்துரை இன்னும் தெளிவு. குடும்பத்தோடு சுற்றுலா போன நாட்களை அவருடைய சம்பள விடுப்பில் கழிக்கக்கூடாது!

மலேசியாவில்? 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் 'வீட்டு வேலைக்காரர்' என்ற பெயரை 'வீட்டுப் பணியாளர்' என்று மாற்றியது. நல்லது. ஆனால் ஓய்வு நாள், வேலை நேரம், ஆண்டு விடுப்பு ஆகிய விதிகளிலிருந்து அவர்களை விலக்கியதை அந்தத் திருத்தம் மாற்றவில்லை. பெயருக்கு மரியாதை வந்தது, ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

"கூட்டிக்கொண்டு போவதே தப்பா?" என்று சிலர் கேட்கலாம். தப்பே இல்லை. தனியாக வீட்டில் பூட்டி வைப்பதைவிட அழைத்துப் போவது எவ்வளவோ மேல். புது ஊர் பார்ப்பதில் அவருக்கும் மகிழ்ச்சி இருக்கும். ஆனால் பெட்டி கட்டும் முன்பே மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள்.

ஒன்று, இந்த நாலு நாளும் அவருக்கு வேலை நாள். சம்பளம் உண்டு, விடுப்பில் கழியாது. இரண்டு, எத்தனை மணிக்கு வேலை முடியும், ராத்திரி குழந்தை யார் பொறுப்பு? மூன்று, அவருடைய கடப்பிதழ் அவர் கையில்தான் இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, உரிமையில்லாமல் அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம்.

முடிந்தால் பினாங்கிலேயே அவருக்கு ஒரு நாள் கொடுங்கள். குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றிலும் லிட்டில் இந்தியா. கொஞ்ச நேரம் கும்பிடட்டும், கடைவீதியைப் பார்க்கட்டும், ஊரில் இருக்கும் அம்மாவோடு நிதானமாகப் போனில் பேசட்டும். அன்றைக்குக் குழந்தையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். சாயங்காலம் கை வலிக்கும்போது தெரியும், அவருக்கு அது விடுமுறையா, வேலையா என்று!