ஹர்கிலாவுக்கு ஒரு வளைகாப்பு

(யூபிலி விழாக் கூட்டத்தில் எங்கள் பங்கின் மாதர் சங்கம் சார்பில் ஆற்றிய உரை)



"பெண்களும் பொதுத்தொண்டும்" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். அசாம் மாநிலத்துக் கிராமப் பெண்களின் கதையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர்கள் காப்பாற்றியது ஒரு பறவையை. பறவைக்கும் பொதுத்தொண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சற்றே பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

அந்தப் பறவையின் பெயர் ஹர்கிலா. எலும்பை விழுங்குவது என்று பொருள். நாரை இனத்தைச் சேர்ந்தது. நின்றால் ஏறக்குறைய ஐந்தடி உயரம், சிறகை விரித்தால் எட்டடி அகலம். மயிலைப் போலவோ கிளியைப் போலவோ கண்ணுக்கு இனிய பறவை அன்று. வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, கோடரி போன்ற அலகு. மீன், தவளை, பாம்பு, செத்த விலங்கு, எலும்பு எல்லாம் அதற்கு உணவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா நகரில் மாளிகைகளின் உச்சியில் இவை கூட்டங் கூட்டமாக நின்றன. தெருக் கழிவுகளைத் தின்று தீர்த்ததால் அவற்றைக் கொல்லக்கூடாதென்று அங்கே தடையும் இருந்தது. படை அதிகாரி போல் விறைத்து நடப்பதைப் பார்த்து ஆங்கிலேயர் 'அட்ஜுடண்ட்' என்று பெயரிட்டார்கள்.

பின்பு சதுப்பு நிலங்கள் தூர்ந்தன. கூடு கட்டும் பெருமரங்கள் விழுந்தன. கல்கத்தாவில் அந்தப் பறவையே இல்லாமற் போயிற்று. இன்று அவை குஞ்சு பொரிக்கும் இடங்கள் அசாம், பீகாரின் பாகல்பூர்ப் பகுதி, கம்போடியா நாடு ஆகிய மூன்றே. ஒரு காலத்தில் உலகம் முழுவதிலும் வளர்ந்த பறவைகள் 1,200க்கு மேல் இரா என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

அசாமில் இவை நடுக்காட்டில் கூடு கட்டுவதில்லை. ஊருக்குள், வீட்டுத் தோட்டத்தில், கடம்ப மரத்திலும் இலவ மரத்திலும் கட்டுகின்றன. ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். குஞ்சுகள் பறக்கத் தேறும்வரை மாதக்கணக்கில் எச்சமும் அழுகிய மீனும் எலும்பும் முற்றத்தில் விழுந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, இது நோய் கொண்டுவரும் பறவை, அபசகுனம் என்ற நம்பிக்கை வேறு. எங்கள் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தபோது, மூத்த உறுப்பினர் ஒருவர், "நம் வீட்டு வாசலில் இப்படி விழுந்தால் நாம் மட்டும் சும்மா இருப்போமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மரம் சொந்த மரம். கோடரி சொந்தக் கோடரி. சட்டத்தின் கை அந்த வேலிக்குள் நீளுவது அரிது.

2007ஆம் ஆண்டில் காமரூப் மாவட்டத்துத் தாதரா கிராமத்தில் ஒருவர் அப்படித்தான் கூடுகளோடு மரத்தை வெட்டிச் சாய்த்தார். குஞ்சுகள் தரையில் விழுந்து துடித்தன. அப்போது அங்கே சென்றிருந்தவர் பூர்ணிமா தேவி பர்மன் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவி. இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். ஊரார் கூடி ஏளனம் செய்தார்கள். அவ்வளவு அக்கறை இருந்தால் நீயே வந்து இந்த அசுத்தத்தைக் கூட்டிப் பெருக்கு என்றார்களாம். அவர் தம் ஆய்வை ஒத்திவைத்துவிட்டு ஊராரிடையே வேலை செய்யப் புறப்பட்டார்.

அவர் எடுத்த எடுப்பில் உபதேசம் செய்யவில்லை. அதுவே எங்களை மிகவும் கவர்ந்தது. பெண்களுக்குச் சமையல் போட்டி வைத்தார். போட்டிக்கு வந்தவர்களிடம் மெல்லப் பறவையின் பேச்சை எடுத்தார். அசாமில் கருவுற்ற பெண்ணுக்கு நம் வளைகாப்பைப் போன்ற ஒரு சடங்கு செய்வார்கள். கூடு கட்டும் பருவத்தில் அந்தச் சடங்கை ஹர்கிலாவுக்கே செய்தார்கள்! பெண்கள் கூடிப் பாட்டுப் பாடினார்கள். அபசகுனமாக இருந்த பறவை பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகளாயிற்று. மகள் வந்திருக்கும்போது மரத்தில் கோடரி வைக்க யாருக்கு மனம் வரும்? மரத்துச் சொந்தக்காரர்களை மேடையேற்றிக் கௌரவித்தார்கள். கணவன்மார் தயங்கிய வீடுகளில் மனைவிமார் பேசியிருப்பார்கள் என்பது எங்கள் ஊகம். வீட்டு நடப்பு நமக்குத் தெரியாததா?

இப்பெண்கள் தங்களை 'ஹர்கிலா படை' என்று அழைத்துக்கொள்கிறார்கள். பலருக்கு நெசவுத் தறியும் நூலும் கிடைத்தன. சேலையிலும் கமோசா என்னும் துண்டிலும் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்று நாலு காசு பார்க்கிறார்கள். இது சிறிய காரியம் அன்று. வயிற்றுப்பாட்டை மறந்த தொண்டு நெடுநாள் நிற்பதில்லை என்பதைச் சங்கம் நடத்துகிறவர்கள் அறிவார்கள். கூட்டிலிருந்து குஞ்சு தவறி விழுந்தால் தாங்குவதற்கு மரத்தடியில் வலை கட்டினார்கள். அடிபட்ட குஞ்சுகள் சிகிச்சைக்குப் பின் மீண்டும் பறக்க விடப்பட்டன. கூட்டு மரங்களின் அருகிலும் நீர்நிலைகளின் ஓரத்திலும் 45,000 மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள்.

தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய மூன்று ஊர்களிலும் தொடக்கத்தில் இருந்த கூடுகள் 28. 2022ஆம் ஆண்டில் பூர்ணிமா தேவிக்கு ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது அறிவிக்கப்பட்டபோது அவை 250ஐத் தாண்டியிருந்தன. படையில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். 2023ஆம் ஆண்டில், அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் ஹர்கிலாவின் நிலை ஒரே முறையில் இரண்டு படி மேலேறியது.

ஆயினும் மரங்கள் இன்றும் தனியார் முற்றத்தில்தான் நிற்கின்றன. நாற்றமும் குறையவில்லை, மீனும் எலும்பும் முன்போலவே விழுகின்றன. ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் பறவைகள் கூடு கட்ட வரும். பெண்கள் காலையில் துடைப்பத்தை எடுத்து, மரத்தடியைப் பெருக்கிவிட்டுத் தறிக்குச் செல்கிறார்கள்.