வீட்டு வேலையில் எழுத்தும் தவணையும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழுகை, ஜகாத் பற்றி நம்மிடம் மஸ்அலா கேட்பவர்கள் பலர். வீடு கட்டுமுன் வந்து கேட்பவர்கள் மிகச் சிலர். சண்டை வந்த பிறகு மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

அண்மையில் நிர்வாகிகளுடன் அமர்ந்து ஒரு பிணக்கை விசாரித்தோம். வீட்டுக்காரர், காண்ட்ராக்டர் இருவருமே நம் மஹல்லாவாசிகள். மாடியில் இரண்டு அறை எடுத்து, கீழே டைல்ஸ் மாற்றித் தருவதாக வாய்ப்பேச்சு. ரமளானுக்கு முன் முடிப்பதாக வாக்கு. எந்த ரமளான் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை போலும்! தளம் போடுவதற்கு முன்பே முக்கால் பங்குப் பணம் கைமாறிவிட்டது. சதுர அடிக் கணக்கில் சன்ஷேடும் மாடிப்படியும் கைப்பிடிச்சுவரும் அடங்குமா என்பதில் ஒருவர் சொல்லை மற்றவர் மறுத்தார். சாட்சியும் இல்லை, தாளும் இல்லை. எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? ஒரே ஸஃப்பில் நின்ற இருவரும் இன்று ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதில்லை.

“நமக்குள் எதற்குப் பத்திரம்?” என்பார்கள். குர்ஆனில் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணையிட்டுச் செய்யும் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு முஃமின்களுக்கு ஏவும் வசனம் அது. எழுதுவது முஸ்தஹப்பு என்பதே பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. எழுதாதவர் பாவி என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அவ்வசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. எழுத வேண்டிய வாசகத்தைச் சொல்லும் பொறுப்பு, கொடுக்கக் கடமைப்பட்டவர் மீது வைக்கப்பட்டுள்ளது. வேலையை முடித்துக் கொடுக்கும் கடமை காண்ட்ராக்டருடையது. எனவே முடிக்கும் தேதியை அவர் வாயாலேயே சொல்லச் செய்து எழுதுவது நலம். வீட்டுக்காரர் நெருக்கி வாங்கும் தேதி நிற்பதில்லை.

பொருளும் உழைப்பும் சேர்த்து ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் ‘இஸ்திஸ்னாஃ’ என்ற தலைப்பில் பேசுகின்றன. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, இவ்வொப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும், பொருளின் இனம், தரம், அளவு, முடிக்கும் தவணை ஆகியன தெளிவாக இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தது. ஆகவே “நல்ல டைல்ஸ்” என்று எழுதினால் போதாது. கம்பெனி, அளவு, சதுர அடி விலை வேண்டும். கம்பி எத்தனை எம்.எம்., சிமெண்ட் எந்த ரகம், செப்டிக் டேங்கும் காம்பவுண்டுச் சுவரும் உள்ளா வெளியா என்பதும் தாளில் இருக்கட்டும். பணத்தை மாதக் கணக்கில் கொடுக்காமல், லிண்டல், தளம், பூச்சு, தரை என்று வேலையின் நிலைக்கேற்பப் பிரித்து, கடைசிப் பங்கை வேலை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

தாமதமானால் ஈட்டுத்தொகை எழுதலாமா என்பது பலரின் கேள்வி. எழுதலாம். குறித்த நாளில் புறப்படாவிட்டால் நூறு திர்ஹம் தருவதாகத் தானே ஒப்புக்கொண்ட ஒருவர் மீது காழீ ஷுரைஹ் (ரஹ்) அதைக் கட்டாயமாக்கிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. மேற்படி பேரவையும் இதை அனுமதித்து, மனித சக்திக்கு மீறிய தடைகளுக்கு விலக்கு அளித்தது. 2000ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், ஈடு என்பது உண்மையில் ஏற்பட்ட பொருள் நஷ்டத்திற்கே என்றும் விளக்கியது. வேலை இழுத்ததால் நாம் கூடுதலாகக் கட்டிய வாடகை அத்தகைய நஷ்டம். மனவருத்தத்திற்கு விலை போட முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், எழுதிய தொகையை உச்ச வரம்பாகக் கொண்டு, நியாயமான ஈட்டையே வழங்கச் சொல்கிறது.

ஆனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்காரர் தவணைப் பணத்தைத் தாமதித்தால் அதற்குக் கூடுதல் தொகை எழுதுவது கூடாது. அது கடன் மீது ஏறும் வட்டி. அதற்குப் பதிலாக, பணம் வரும்வரை வேலையை நிறுத்தவும், அத்தனை நாட்களைத் தவணையில் கூட்டிக்கொள்ளவும் காண்ட்ராக்டருக்கு உரிமை எழுதிக் கொடுங்கள். நம்மவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் பணத்தை இழுத்தடித்தால் கொத்தனாரும் சித்தாளும் கூலியின்றி வீடு திரும்புகிறார்கள்; வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். கட்டிய சுவரை இடித்து ஜன்னலை மாற்றச் சொன்னால், அதற்கான தொகையையும் நாட்களையும் அதே தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

வீடு கட்டித் தருவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ‘சேவை’யில் அடங்கும். பிரச்சினை எழுந்த இரண்டாண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது தாளும் ரசீதும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களின் வீட்டு வேலையைப் பெரும்பாலும் பெண்களே நின்று பார்க்கிறார்கள். போனில் பேசிய பேச்சுக்கு அவர்கள் எப்படிச் சாட்சி சொல்வார்கள்? ஒப்பந்தத்தின் ஒரு பிரதியும், பணம் கொடுத்த தேதிகளுடன் காண்ட்ராக்டர் கையொப்பமிடும் ஒரு நோட்டும் அவர்கள் கையில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் பள்ளிவாசலுக்கு வாருங்கள். இஷாவுக்குப் பின் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.