வலி நிஜம்தான்; பிறகு ஏன் மனச் சிகிச்சை?

(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றிப் பேசு, ஆனா எங்களைப் பயமுறுத்தாதே" என்று விழாக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். நான் மனநல ஆலோசகன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாரார், நாற்காலியில் உட்காருமுன்பே, "எனக்குப் பைத்தியம் இல்லே சார், வலிதான்" என்பார்கள். ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள். பெரும்பாலும் பெண்கள். உடம்பெல்லாம் மாதக்கணக்கில் வலி, தூங்கி எழுந்தாலும் களைப்பு, மறதி. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இருக்காது. வீட்டில் "எல்லாம் உன் பிரமை" என்று பட்டம் கட்டியிருப்பார்கள். அப்புறம் என்னிடம் அனுப்பினால் கோபம் வராதா?

2002-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர் இந்நோயாளிகள் 16 பேரையும் நோயில்லாத 16 பேரையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்திக்கொண்டே மூளையை எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருந்த அழுத்தத்திலேயே நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகள் விழித்துக்கொண்டன. ஆகவே பிரமை இல்லை. கல்யாண வீட்டு மைக் செட்டில் ஆம்ப்ளிஃபயரை ஏகத்துக்குத் திருகி வைத்தால், மெல்லப் பேசினாலும் அலறும் இல்லையா? அப்படித்தான்.

அந்தத் திருகாணியில் மூளைக்கும் கை உண்டு என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-லேயே சொன்னார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும். மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் அந்த வாசலைத் திறக்கவும் செய்யும், சாத்தவும் செய்யும். பயமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டுகின்றன. மனச் சிகிச்சை கை வைப்பது அங்கேதான்.

நடைமுறையில் என்ன செய்கிறோம்? ஒரு வெள்ளிக்கிழமை வலி கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் வீடு கழுவி, மாவரைத்து, பரண் வரைக்கும் ஒட்டடை அடித்துவிடுவார். அப்புறம் மூணு நாள் படுக்கை. வேலை என்றாலே வலி என்று உடம்பு பாடம் பண்ணிக்கொள்ளும். இதை உடைக்க வழிகாட்டியவர்களில் ஒருவர் ஸியாட்டில் நகரத்து வில்பர்ட் ஃபோர்டைஸ். வலித்தால் மாத்திரை, வலித்தால் ஓய்வு என்ற முறையை மாற்றி, மாத்திரைக்கு நேரம், நடைக்கு அளவு என்று வகுத்தார். அதாவது, வலியைக் கேட்காதே, கடிகாரத்தைக் கேள். பத்து நிமிஷம் வேலை, வலிக்காவிட்டாலும் உட்கார். மோசமான நாளிலும் கொஞ்சமாவது நட. வாரா வாரம் சிறிது கூட்டு. கேட்க எளிது. செய்யச் சொல்லிப் பாருங்கள், நம் வீட்டுப் பெண்களைப் பாதி வேலையில் உட்கார வைப்பது லேசான காரியமா!

இன்னொரு பகுதி எண்ணங்கள். "இனிமே நடக்கவே முடியாது" என்று மனம் சொன்னால், அதை எழுதி வைத்து, நேற்று நடந்த தூரத்தோடு ஒப்பிடச் சொல்கிறோம். "எல்லாம் சரியாயிடும்" என்ற ஜபம் அல்ல இது. தூக்கத்துக்கும் ஒழுங்கு உண்டு: எப்போது படுத்தாலும் எழும் நேரம் ஒன்றே. 1979-ல் ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியும் இந்நோய்க்குப் பயன்படுகிறது. கீழை நாட்டுச் சரக்குதான், மேற்கே போய்த் திரும்பியிருக்கிறது.

பலன் எவ்வளவு? 23 ஆய்வுகளை, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, வலி, மனச்சோர்வு, இயலாமை மூன்றிலும் சிறிய முன்னேற்றம் என்கிறது. ஆறு மாதம் கழித்தும் அது இருந்தது. ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2017-ல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். ஆகவே வலியை அடியோடு எடுத்துவிடுவதாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் பயந்து பயந்து படுத்திருப்பவரை அந்த உடற்பயிற்சிக்கு எழுப்பி நிறுத்துவது பல சமயம் இந்தச் சிகிச்சைதான் என்பது என் கட்சி.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒன்று. "வலி எப்படி இருக்கு?" என்று மணிக்கொரு தரம் கேட்காதீர்கள், கவனமெல்லாம் வலி மேலேயே போகும். "வா, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். பத்து நிமிஷம் ஆனதும், வலி இல்லேன்னாலும் திரும்பிடுங்க.