தார் சுமந்த தோளும் கதை சுமந்த நெஞ்சும்



கதை சொல்லும் வேட்கை, கதை கேட்கும் வேட்கையிலிருந்தே பிறக்கிறது. பொருநைக் கரை ஊர்களில் அவ்வேட்கையை வளர்த்தவை வில்லுப்பாட்டும் கணியான் கூத்துமாகும். கொடைவிழா இரவில் சுடலைமாடன் கதை கேட்டு விழித்திருக்கும் சிறுவன், சொல்லின்வழியே காட்சியைக் காணப் பழகிவிடுகிறான். அத்தகைய மண்ணில் தோன்றிய எழுத்தாளர் திரைப்படத்தை நாடுவதில் வியப்பில்லை. ஆயினும் அவ்வழி எளியதன்று என்பதற்கு இவ்வாற்றங்கரையே இரண்டு சான்றுகளைத் தருகிறது.

முதற்சான்று, நெல்லை தந்த புதுமைப்பித்தன். சிறுகதையில் தமக்கு நிகரில்லாதிருந்த அவர், தம் இறுதி ஆண்டுகளில் திரைப்படங்களுக்கு உரையாடல் எழுதினார். தாமே படம் எடுக்கவும் முயன்றார். அம்முயற்சி நிறைவேறவில்லை. ‘ராஜமுக்தி’ படப்பணிக்காகப் புனே சென்றவர், காசநோயுற்று 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழிந்தபின், 1979இல், அவருடைய ‘சிற்றன்னை’ மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ திரைப்படத்திற்கு வித்தாயிற்று. அன்றைய திரையுலகம் அவரிடம் வேண்டியது வசனம். அவரிடம் இருந்ததோ கதை.

இரண்டாம் சான்று, தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ். இயக்குநர் ராமிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றிய இவர், எழுத்தைக் கைவிட்டுத் திரைக்குச் சென்றவரல்லர். ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்னும் சிறுகதைத் தொகுப்பையும், ஆனந்த விகடனில் ‘மறக்கவே நினைக்கிறேன்’ என்னும் தொடரையும் எழுதினார். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்க்காக 1999 ஜூலை 23ஆம் நாள் நெல்லையில் நடந்த பேரணியில் காவல்துறையின் தடியடியைத் தொடர்ந்து 17 பேர் உயிரிழந்த துயரை, அத்தொகுப்பின் தலைப்பே நினைவூட்டுகிறது. 2018இல் ‘பரியேறும் பெருமாள்’ வெளிவந்தபோது, திரைக்கு வந்தவர் ஒரு புதிய இயக்குநர் மட்டுமல்லர். எழுதிப் பழகிய கதைசொல்லியுமாவார்.

எழுத்து அவருக்கு அளித்தது யாது? நுண்பொருளின் ஆற்றலை அறியும் கண்ணை என்க. தம் இளமைக்கால நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு 2024இல் அவர் எடுத்த ‘வாழை’ இதனை விளக்கும். பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனுக்கு அவ்விடுமுறையே துன்பமாகிறது. தாரேற்றிய லாரியின் மேலேயே கூலியாட்களும் ஏற்றப்படுகின்றனர், லாரி கவிழ்கிறது. ஊரே அழுதுகொண்டிருக்கும் வேளையில், பசியால் துவண்ட சிறுவன் சோற்றை அள்ளி உண்கிறான். எழுத்தாளன் இவ்விடத்தில் பசியையும் துயரையும் ஒன்றன்பின் ஒன்றாகவே சொல்லுதல் இயலும். திரையிலோ அவை இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பொறுத்துக் கொள்வதில்லை. இவ்வொருமைக்காகவே அக்கதை படமாக வேண்டியிருந்தது எனலாம்.

இவ்விருவரையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். திறமையில் குறைந்ததனாலன்று புதுமைப்பித்தனின் திரை முயற்சி தடைப்பட்டது. பிறர் கதைக்குச் சொல் கொடுக்கும் இடமே அவருக்குப் பெரிதும் வாய்த்தது. மாரி செல்வராஜுக்கோ, தம் கதையைத் தாமே காட்டும் இடம் வாய்த்தது. கதையார்வம் திரைப்படமாக மலர்வதற்குக் கருவியறிவு மட்டும் போதாது. சொல்லும் உரிமையும் வேண்டும்.

பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அணித்தே உள்ளது ஆறுமுகநேரி. மேற்கே வாழைத்தார் சுமக்கும் தோள்கள். இங்கே உப்பளத்தில் வெந்து வெடிக்கும் பாதங்கள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் வரைந்தார். வெளியிலிருந்து வந்து, அருகிருந்து கண்டு எழுதிய அப்பணி போற்றத்தக்கது. எனினும் பாத்தியில் உப்பு வாரிய கையே எழுதுகோலையும் ஒளிப்படக் கருவியையும் ஏந்துவது வேறோர் ஆக்கமாகும்.

அத்தகைய பிள்ளை ஒருவன், அல்லது ஒருத்தி, முதற்கதையுடன் வந்து நிற்குங்கால், பிழை நோக்காது இறுதிவரை கேட்கும் அவை ஒன்று வேண்டும். பத்தாண்டு நிறைந்த இலக்கிய மன்றம் ஒன்று செய்யத்தக்க பணி இதனினும் சிறந்ததில்லை.