அட்டை எண் கடைக்குப் போகாது

ஜெர்மனியில் பிறந்த ஆல்டி மலிவு விலைக் கடை அமெரிக்காவிலும் பிரபலம். செலவைக் குறைத்தால்தான் விலையைக் குறைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சரக்கு வந்த அட்டைப்பெட்டியோடு அப்படியே அலமாரியில் உட்காரும். தள்ளுவண்டியை எடுக்க ஒரு காசு போட வேண்டும். வண்டியைத் திருப்பி விட்டால் காசு கைக்கு வந்துவிடும். கிரெடிட் கார்டுக்குக் கடை கட்ட வேண்டிய கட்டணமும் செலவுதானே? அதனால் 2016-ல்தான் அமெரிக்கக் கிளைகள் எல்லாவற்றிலும் கிரெடிட் கார்டு வாங்கத் தொடங்கினார்கள். 2017-ல் செல்போனைக் காட்டியே பணம் கட்டும் வசதியும் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் அல்ல, பாதுகாப்பு. டார்கெட் என்ற இன்னொரு மலிவு விலைக் கடையில் 2013-ல் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் திருடு போனது. அட்டையைத் தேய்த்தபோது அப்படியே கடையின் கருவிக்குள் போன எண்ணைத் திருட்டு மென்பொருள் பிடித்துக்கொண்டது. செல்போனில் கட்டும்போது அந்த எண் போவதில்லை. அதற்குப் பதில் ஒரு மாற்று எண் போகும். அதோடு அந்த ஒரு வியாபாரத்துக்கு மட்டுமே செல்லும் ரகசியக் குறியீடும் போகும். திருடினாலும் மறுமுறை உதவாது. கருவிக்குச் சில சென்டிமீட்டர் அருகில் போனைப் பிடிக்க வேண்டும். உங்கள் கைரேகையோ முகமோ கடவு எண்ணோ இசைவு தர வேண்டும்.

அதே டார்கெட் கடைகள் 2019-ல் ஆப்பிள் பே, கூகுள் பே என்ற செல்போன் கட்டண வசதிகள் இரண்டையும் ஏற்றுக்கொண்டன. போன் தொலைந்தால் மாற்று எண்ணை மட்டும் முடக்கினால் போதும். பர்ஸில் இருக்கும் அட்டை வழக்கம்போல் வேலை செய்யும்.