வையைப் புனலாட்டும் வைகைக் கரையும்



பரிபாடலில் அமைந்திருந்த 70 பாடல்களுள் 26 பாடல்கள் வையைக்கு உரியவை எனப் பழைய வெண்பா ஒன்று கணக்கிடுகிறது. உ.வே.சாமிநாதையர் 1918ஆம் ஆண்டு வெளியிட்ட பதிப்பில் முழுமையாகக் கிடைத்த 22 பாடல்களுள் வையைப் பாடல்கள் 8 மட்டுமே. ஆற்றில் நீர் குறைந்தது பற்றி வருந்துவோர் ஏட்டில் ஆறு குறைந்ததையும் எண்ணுதல் தகும்.

இவற்றை இயற்கைப் பாடல்கள் என்பது பாதி உண்மையே. வெள்ளம் வந்த செய்தியைச் சொன்னவுடன் புலவரின் கண் மக்களிடம் சென்றுவிடுகிறது. யானை மீதும் குதிரை மீதும் ஊரே துறைக்கு விரைகிறது. சங்கு, நண்டு, இறால், வாளை ஆகியவற்றின் பொன்னுருவங்களை நீரிலிட்டு, வளம் விளைக என வாழ்த்துகின்றனர். சாந்தும் மலரும் கலந்து நீர் மாறியது கண்டு அந்தணர் கலங்குகின்றனர். 20ஆம் பாடலிலோ, களவுபோன தலைவியின் அணிகள் பரத்தையின் மேனியில் காணப்பட, துறையே வழக்கு மன்றமாகிறது! புனித நீராடல் என்ற ஒற்றைச் சொல்லில் இவை அடங்குமா?

சிவிறியாலும் கொம்பாலும் ஒருவர்மீது ஒருவர் நீர் வீசும் காட்சி அப்பாடல்களில் உண்டு. இன்று சித்திரை முழுநிலவையொட்டி அழகர் ஆற்றில் இறங்கும்போது, அழகர் வேடமிட்ட அடியார்கள் தோப்பறை என்னும் ஆட்டுத்தோல் பையிலிருந்து நீரைப் பீய்ச்சுகின்றனர். இரண்டும் ஒரே மரபு என நிறுவச் சான்றில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கவிஞனுக்குச் சான்று தேவைப்படாது.

அந்நாளுக்கென 1959இல் கட்டப்பெற்ற வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மதுரை நகருக்குள் ஆறு மணலும் புதரும் கழிவுநீருமாகவே கிடக்கிறது. அதனால் கரைக்குச் செல்லும் பழக்கமும் அற்றுவருகிறது. நீர் வற்றியதினும் இது பெரிய இழப்பு. செல்லாத துறையை எவர் பாடுவர்?

ஒருநாள் உலாவுக்கு இடங்கள் குறைவில்லை. ஆற்றின் நடுவே மைய மண்டபம் நிற்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளம், வைகை நீர் வாய்க்கால் வழியே வந்து நிறையும் நாள்களில் மாலைதோறும் மக்களால் பொலிகிறது. அங்கிருந்து தென்கிழக்கே சென்றால் கீழடி. 2023இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் அக்கரை மக்களின் மணிகளும் பகடைகளும் பெயர் பொறித்த பானையோடுகளும் உள்ளன.

பரிபாடலின் 11ஆம் பாடல், முதுபெண்டிர் முறைமை காட்ட, கன்னியர் பனிக்காலத்து வையையில் ஆடிய தை நீராடலைச் சொல்வது. வட்டத்தின் வரும் தைத்திங்கள் கூட்டத்தை மண்டப அரங்கில் நடத்தாமல், அப்பாடலைக் கையில் கொண்டு மைய மண்டபத்தின் எதிர்க்கரையில் நடத்தலாம். நீர் இருப்பினும் இல்லையெனினும்.