கடலுக்கும் ஒரு யானைப்பாதை



கடற்கரை என்றதும் உங்கள் உள்ளத்தில் எழுவது எது? ஓயாத அலையா, காலுக்கடியில் நழுவும் மணலா, மாலைக் காற்றோடு வரும் சுண்டல் மணமா? எதுவாயினும் ஆகட்டும். இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி வேறு. ஒரு கடற்கரை நல்ல கடற்கரை என்பதை எதைக்கொண்டு அறிவது? அழகைக்கொண்டா, புகழைக்கொண்டா? என்னைக் கேட்டால், ஒரு குடும்பத்தில் யாவரினும் வலிமை குறைந்தவர் எவரோ, அவர் அந்த நீரைத் தொட்டு, மனநிறைவோடு வீடு திரும்ப முடிகிறதா என்பதே அளவுகோல் என்பேன்.

பழனியில் வாழ்பவனுக்குக் கடலைப்பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். எங்களுக்கு அருகில் இருப்பது மலை. கடலோ தொலைவில் உள்ளது. ஆயினும் மலைக்காரர்கள் நன்கு அறிந்த உண்மை ஒன்று உண்டு. உயரத்தில் ஒரு கோயிலைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. அங்கே யார் யார் போய்ச் சேர முடியும் என்பதையும் எண்ண வேண்டும். பழனி மலைக்கு ஏறத்தாழ 700 படிகள். கால் வலுவுள்ளவர்களுக்கு அவை போதும். மற்றவர்களுக்காக வளைந்து வளைந்து சாய்வாக ஏறும் யானைப்பாதை இருக்கிறது. 1966-ஆம் ஆண்டில் விஞ்ச் எனப்படும் இழுவை ரயில் வந்தது. 2004-ஆம் ஆண்டில் ரோப்கார் வந்தது. யானைப்பாதையில் யானை மட்டுமா ஏறுகிறது? பாட்டி ஏறுகிறாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாய் ஏறுகிறாள், முழங்கால் நோவுள்ளவரும் ஏறுகிறார். யானைக்கென அமைந்த வழி, எளியவர்களுக்கெல்லாம் வழியாகிவிட்டது.

இனிக் கடலுக்கு வருவோம். கிரீட், சைப்ரஸ், மால்டா முதலிய மத்தியதரைக் கடல் தீவுகளுக்குக் கோடைகாலத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் செல்வதை நீங்கள் படித்திருப்பீர்கள். அக்கடல் பெரும்பாலும் நிலத்தால் சூழப்பட்டது. ஜிப்ரால்டர் நீரிணை வழியாகத்தான் அது அட்லாண்டிக் பெருங்கடலோடு கலக்கிறது. அந்த வாயிலின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உடையது. ஆதலால் பெருங்கடலின் ஏற்றவற்றம் உள்ளே முழு வலிமையோடு நுழைவதில்லை. பெரும்பாலான கரைகளில் நீர்மட்டம் சிறிதளவே ஏறி இறங்கும். காலையில் விரித்த பாயை மாலைவரை நகர்த்த வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்!

நம் நாட்டில் அத்தகைய தீவுக் கரை இல்லையா? இருக்கிறது. அதுவும் நாம் எல்லோரும் பெயரறிந்த ஊரில் இருக்கிறது. இராமேசுவரந்தான் அது.

இராமேசுவரம் ஒரு தீவு என்பதைப் பாடத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், கடலின்மேல் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலைப் பாலமும் திறக்கப்பட்டது. முதுமையுற்ற பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், நடுப்பகுதி அப்படியே மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்குச் செல்ல இவ்வளவு வழிகளை அமைத்துவிட்டோம். இந்த வழிகளெல்லாம் எங்கே முடிகின்றன என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

தீவின் ஒரு பக்கம் பாக் விரிகுடா. மறுபக்கம் மன்னார் வளைகுடா. பாக் விரிகுடா ஆழமற்றது; 15 மீட்டர் ஆழத்தை எட்டுவதே அரிது. கிழக்கே இலங்கை. தென்கிழக்கே தனுஷ்கோடியின் மணல் நாக்கும், அதற்கப்பால் தொடரும் மணல் திட்டுகளும் தடுப்புச் சுவர்போல் நின்று, தென்கடலின் பேரலைகளைத் தடுத்துவிடுகின்றன. ஆகையால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்கள் நீங்கலாக, அக்கினி தீர்த்தக் கரையில் கடல் ஒரு பெரிய ஏரியைப்போல் அமைந்து கிடக்கும். அங்குள்ள மக்கள் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வது வழக்கம்.

அதே தீவின் கோடியில் உள்ள அரிச்சல்முனைக்கும் இப்போது நல்ல சாலை இருக்கிறது. 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரு கடலையும் ஒருசேரக் காணலாம். ஆனால், அது கண்டு மகிழ்வதற்குரிய இடம். இறங்கிக் குளிப்பதற்குரிய இடமன்று. நீரோட்டம் வலியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலும் கடலில் அமிழ்ந்தது. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை இன்றும் காணலாம். ஒரே தீவில் சாந்தமும் சீற்றமும் அருகருகே இருக்கின்றன. எங்கே இறங்கலாம், எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிந்து செல்வதே அறிவுடைமை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்தில், நாங்கள் குடும்பத்தோடு அங்கே சென்றோம். என் மனைவி, மகள், ஏழு வயதுப் பேரன், என் தமக்கையார், நான் என ஐவர். தமக்கையாருக்கு வயது எழுபதுக்கு மேல். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு இரு கால்களும் சூம்பிவிட்டன. சக்கர நாற்காலியே அவருக்குக் கால். வானொலி நாடகங்களில் அலையோசையைக் கேட்டிருக்கிறாரேயன்றி, கடலை அவர் கண்டதில்லை. பழனியிலிருந்து திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று இரவெல்லாம் வேனில் சென்று, பொழுது புலரும் வேளையில் பாம்பன் பாலத்தைக் கடந்தோம். இருபுறமும் நீர் விரிந்த அந்த இடத்தில் தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியில் கையை வைத்தபடியே இருந்தார்.

அக்கினி தீர்த்தக் கரையை அடைந்தபோது பலர் நீராடிக்கொண்டிருந்தார்கள். பேரன் ஓடிப்போய் நீரில் விழுந்தான். இடுப்பளவு நீரில் நின்று தாய் அவனைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியோ, கட்டாந்தரை முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் நின்றுவிட்டது. முன்சக்கரம் இரண்டும் மணலில் புதைந்தன. நீருக்கு இன்னும் பத்துப் பதினைந்து அடிதான். 300 கிலோமீட்டரைக் கடந்து வந்த நாற்காலிக்கு அந்தப் பதினைந்து அடி எட்டவில்லை.

அருகிலிருந்த மீனவ இளைஞர் இருவர் எங்கள் நிலையைக் கண்டு வந்தனர். “அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம் ஐயா” என்று அன்போடு சொன்னார்கள். தமக்கையார் கையமர்த்தினார். “வேண்டாம் தம்பிகளா. நாலு பேர் தூக்கிக்கொண்டு போவது கடைசியில் ஒரு நாள் இருக்கிறது, அது போதும். சின்ன வயதில் அப்பா தோளிலே மலைக்குப் போனேன். விஞ்ச் வந்த பிறகு நானே போனேன். போகிறது என்றால் எனக்கு அதுதான்” என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “ஏன் தம்பி, மலைக்கு யானைப்பாதை போட்டவர்கள் கடலுக்கும் ஒன்று போட்டிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

இளைஞர்களுள் மூத்தவர் சிறிது யோசித்தார். போய், படகு இழுக்க வைத்திருந்த பலகைகள் நான்கைக் கொண்டுவந்தார். இரண்டு இரண்டாக மணலில் இட்டார்கள். நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்செல்லுமாறு பலகைமேல் இழுத்தோம். கடந்த பலகைகளை எடுத்து மறுபடியும் வழியில் இட்டோம். மூன்று முறை மாற்றியதும் ஈர மணல் வந்துவிட்டது. ஈர மணலில் பலகையே தேவைப்படவில்லை. அடுத்த நொடியில் நீர் சக்கரத்தைத் தொட்டது; அதற்கடுத்து அவர் பாதத்தைத் தொட்டது. நாற்காலியைத் திருப்பிக் கடலை நோக்கி நிறுத்தினோம். பேரன் ஓடிவந்து அத்தைப்பாட்டியின் மடியில் உப்புநீரை அள்ளி ஊற்றினான். வெயில் ஏறும்வரை அவர் அங்கேயே அமர்ந்திருந்தார். பின்னர் நாற்காலியின் அச்சுகளை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தோம். உப்பு இரும்பைத் தின்றுவிடும் அல்லவா?

பிற்பகலில் தங்கச்சிமடத்தருகே வில்லூண்டித் தீர்த்தத்திற்குச் சென்றோம். உப்புக்கடலின் நடுவே நன்னீர் ஊறும் கிணறு அது. அதை அடையக் கரையிலிருந்து கடலுக்குள் ஒரு நடைபாலம் நீள்கிறது. நம் மக்கள் கடலுக்குள் பாதை போட அறியாதவர்களல்லர் என்பதற்கு அதுவே சான்று.

மாணவர்களே, அந்தப் பலகைகளில் உள்ள அறிவியலை நோக்குங்கள். மணலில் ஒரு சக்கரம் புதைவதற்கு எடை மட்டும் காரணமன்று. அந்த எடை எவ்வளவு சிறிய பரப்பில் அழுத்துகிறது என்பதே காரணம். ஒட்டகத்தின் அகன்ற பாதம் பாலையில் புதையாததும், ஆற்றுமணலில் சிக்கிய கட்டைவண்டிக்கு நம் உழவர்கள் தென்னை மட்டையை இட்டு வழி செய்வதும் இக்காரணத்தால்தான். ஈர மணலிலோ, மணலின் துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றைப் பிணைத்து உறுதியாக்குகிறது. ஆகவே, உலர்ந்த மணலைக் கடக்க ஒரு பாதை இருந்தால் போதும். மிச்ச வழியைக் கடலே செய்துகொடுக்கிறது.

இது கனவன்று. சென்னை மெரினாவில், 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை 2022-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் திறக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் விடாது கேட்டுப் பெற்ற பாதை அது. இரண்டு வாரம் ஆவதற்குள், டிசம்பர் 9-ஆம் நாள் இரவு கரையைக் கடந்த மாண்டஸ் புயலின் அலைகள் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தன. பின்னர் அது செப்பனிடப்பட்டது. பாதையைப் போடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது எந்நாளும் செய்யவேண்டிய வேலை என்பதைக் கடல் விரைவிலேயே கற்பித்துவிட்டது. கிரேக்க நாட்டுக் கடற்கரைகள் பலவற்றில் இன்னும் ஒரு படி முன்னேறியிருக்கிறார்கள். கரையிலிருந்து நீருக்குள் செல்லும் தண்டவாளத்தில், கதிரவன் ஒளியால் இயங்கும் நாற்காலி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். அதில் அமர்ந்தவர் பிறர் துணையின்றித் தாமே கடலில் இறங்குகிறார், தாமே கரையேறுகிறார். தாமே என்னும் அந்தச் சொல்லின் பொருளை எண்ணிப் பாருங்கள்.

“சிலருக்காக இவ்வளவு செலவா?” என்று கேட்பவர் உண்டு. மெரினாவின் பாதையைப் பாருங்கள். பழனியின் யானைப்பாதையைப் பாருங்கள். குழந்தை வண்டியைத் தள்ளுபவர், கோலூன்றி வருபவர், நிறைமாதக் கருவைச் சுமப்பவர் ஆகிய அனைவருக்கும் அது வழி. மேலும், இது இரக்கத்தால் இடும் கொடையன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொது இடங்கள் எல்லோரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. இயல்பாகவே அமைதியான கடலை இயற்கை இராமேசுவரத்திற்கு வழங்கியிருக்கிறது. நிழல், குடிநீர், கழிப்பறை, மணலைக் கடக்க ஓர் உறுதியான பாதை ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால், எந்தத் தீவின் கரைக்கும் அது இளைத்ததாகாது.

நீங்கள் நாளை பொறியாளராகலாம்; ஊராட்சித் தலைவராகலாம்; ஆசிரியராகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலி ஏறத்தக்க சாய்தளத்திற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாளைக் காலையில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பறை வாயிற்படியின் உயரத்தை அளந்து, அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். கிடைக்கும் நீளத்தைச் சுண்ணக்கட்டியால் முற்றத்தில் கோடிட்டுப் பாருங்கள். பிறகு அந்தக் கணக்கைத் தாளில் எழுதி உங்கள் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். தலைமையாசிரியராக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மாணவன் அளந்து எழுதிக் கொண்டுவந்த கணக்கை எளிதில் ஒதுக்கிவிட எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது.